முத்துக் குளிப்போர்: ஓர் இசை நாடகத்தின் கதை



நம் தோட்டங்களில் மாரியம்மன் கோயில் திருவிழா என்றால், ஒரு காலத்தில் கட்டாயம் ஓரிரவு நாடகம் நடக்கும். திடலில் மேடை கட்டுவார்கள். லயத்துப் பிள்ளைகள் சாயங்காலமே பாயை விரித்து இடம் பிடித்துவிடுவார்கள். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' போன்ற நாடகங்களில் நடிகர்கள் பேசுவதைவிடப் பாடுவதே அதிகம். கோபம் வந்தாலும் பாட்டு, காதல் வந்தாலும் பாட்டு, அழுதாலும் பாட்டு. விடிந்தால் பெரட்டுக்குப் போக வேண்டுமே என்ற நினைப்பே இல்லாமல் நம் பெரியவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஐரோப்பிய மக்களிடமும் இத்தகைய கலை உண்டு. அதை 'ஓப்பரா' என்பார்கள். நாம் இசை நாடகம் என்றே சொல்லலாம். அதிலும் கதை முழுவதும் பாட்டாலேயே நடக்கும். பாடுவோருக்குத் துணையாகப் பெரிய வாத்தியக் குழு மேடைக்கு முன்னால் பள்ளத்தில் அமர்ந்திருக்கும். இடையிடையே வசனமும் நகைச்சுவையும் கலந்து இலேசாக அமைந்த நாடகத்துக்கு 'ஓப்பரெட்டா' என்று பெயர்.

இத்தாலி, பிரான்சு, ஜெர்மனி ஆகிய நாடுகளில் தோன்றிய ஓப்பராக்கள் ஏராளம். அவற்றுள் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கதை நடப்பது இலங்கையில். கதை மாந்தர் கடலில் மூழ்கி முத்தெடுக்கும் தொழிலாளர்கள். நாடகத்தின் பெயரே 'முத்துக் குளிப்போர்'. அதற்கு இசை அமைத்தவர் ஜார்ஜ் பிசே என்ற பிரெஞ்சுக்காரர். அந்த நாடகம் மேடையில் தோற்றது எப்படி, இசைத்தட்டு அதைக் காப்பாற்றியது எப்படி, அதில் சொல்லாமல் விடப்பட்டது என்ன என்பவற்றை இன்று பார்ப்போம்.

பிசே 1838ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை முதலில் முடி திருத்துபவராகவும் பொய்முடி செய்பவராகவும் இருந்து, பிறகு பாட்டு வாத்தியார் ஆனவர். பிள்ளையின் திறமையைக் கண்ட பெற்றோர், பத்து வயது நிறைவதற்கு முன்பே அவரைப் பாரிஸ் இசைக் கல்லூரியில் சேர்த்தார்கள். 1857இல், 'ரோம் பரிசு' என்னும் பெரிய பரிசு பிசேக்குக் கிடைத்தது. அரசாங்கச் செலவில் இத்தாலியில் தங்கிப் படித்தார்.

படித்துத் திரும்பியதும் வேலை காத்திருந்ததா? இல்லை. பிறருடைய இசையைப் பியானோவுக்கு ஏற்றபடி மாற்றி எழுதிக் கொடுப்பது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது என்று காலம் கழிந்தது. பெரிய அரங்குகள் பழகிய பெயர்களையே நாடின. அந்த நேரத்தில்தான் ஒரு வாய்ப்பு வந்தது. பாரிஸில் 'தியாத்ர் லிரிக்' என்ற அரங்கை லியோன் கார்வாலோ என்பவர் நடத்தி வந்தார். ரோம் பரிசு பெற்ற ஓர் இளைஞரின் புதிய ஓப்பராவை ஆண்டுதோறும் மேடையேற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு அந்த அரங்குக்கு ஒரு லட்சம் பிராங்க் மானியம் கிடைத்தது. கார்வாலோ 1863ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிசேயை அழைத்தார். செப்டம்பரில் நாடகம் அரங்கேற வேண்டும் என்றார். சில மாதங்களில் மூன்று அங்கங்களுக்கு இசை எழுதி முடிக்க வேண்டியிருந்தது. பிசே ஏற்றுக்கொண்டார்.

கதையையும் பாடல்களையும் எழுதியவர்கள் யூஜீன் கார்மோன், மிஷெல் காரே என்ற இருவர். முதலில் அவர்கள் கதையை மெக்சிகோ நாட்டில் நடப்பதாகத்தான் நினைத்திருந்தார்கள். பிறகு இலங்கைக்கு மாற்றினார்கள்.

கதை இதுதான். சூர்கா, நாதீர் இருவரும் நண்பர்கள். ஒரு காலத்தில் கண்டி நகரில் இருவரும் ஒரே பெண்ணைக் கண்டு மயங்கினார்கள். அவளால் நட்பு கெட்டுவிடக் கூடாது என்று அவளை மறந்துவிடுவதாக உறுதி எடுத்துக்கொண்டார்கள். பிறகு சூர்கா முத்துக் குளிப்போரின் தலைவன் ஆகிறான். குளிப்புக் காலத்தில் பாறைமீது நின்று, கடலில் இறங்கியவர்களைத் தீய சக்திகள் அண்டாமல் காக்க, முக்காடிட்ட ஒரு கன்னிப் பெண் இரவெல்லாம் பாட வேண்டும். அவளை யாரும் பார்க்கக் கூடாது. வந்த பெண் லைலா. அவள் குரலைக் கேட்டதுமே, அவள்தான் அந்தக் கண்டிப் பெண் என்று நாதீருக்குத் தெரிந்துவிடுகிறது. இருவரும் சந்திக்கிறார்கள், பிடிபடுகிறார்கள். பொறாமை கொண்ட சூர்கா மரண தண்டனை விதிக்கிறான். பிறகு லைலாவின் கழுத்து மாலை அவன் கண்ணில் படுகிறது. முன்னொரு நாள் தன் உயிரைக் காப்பாற்றிய சிறுமிக்கு அவன் கொடுத்த மாலை அது. அவன் மனம் மாறுகிறது. குடியிருப்புக்குத் தானே தீ வைத்து, மக்கள் கலைந்து ஓடும் நேரத்தில் இருவரையும் தப்ப வைக்கிறான்.

கதையைக் கேட்கும்போதே நமக்குச் சில ஐயங்கள் எழும். இலங்கையில் முத்துக் குளித்தவர்களுக்கு நாதீர், சூர்கா என்று பெயர் இருந்திருக்குமா? கண்டியில் புகழ்பெற்றது புத்தர் பெருமானின் பல் வைக்கப்பட்டுள்ள கோயில். கதையிலோ பிரம்மாவை வழிபடும் பூசாரி வருகிறார். உண்மை என்னவென்றால், அந்தக் காலத்துப் பாரிஸ் மக்களுக்குக் கிழக்கு நாடுகள் எல்லாம் ஒரு கனவு. பனை மரம், கோயில், முக்காடிட்ட பெண் ஆகியவை இருந்தால் போதும். இடம் மெக்சிகோவா இலங்கையா என்பது பெரிதில்லை.

ஆனால் உண்மையான முத்துக் குளிப்பு வெகு தொலைவில் நடந்துகொண்டுதான் இருந்தது. கொற்கை முத்து சங்க காலத்திலேயே உலகப் புகழ் பெற்றது. பிற்காலத்தில் மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் குளிப்பு நடந்தது. அதற்குச் 'சலாபம்' என்று பெயர். இந்த ஓப்பரா அரங்கேறிய அதே 1863இல் இலங்கைக் கடலில் ஒரு சலாபம் நடந்தது. தமிழகக் கடற்கரையிலிருந்தும் யாழ்ப்பாணப் பகுதியிலிருந்தும் தமிழ் பேசும் மக்கள் அதற்குத் திரண்டு போவது வழக்கம். அரபு நாட்டவரும் வருவார்கள்.

காற்று அடங்கியிருக்கும் மாசி, பங்குனி மாதங்களில் படகுகள் விடியுமுன் புறப்படும். கனமான கல்லைக் கயிற்றில் கட்டி, அதன்மேல் கால் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஆள் கீழே இறங்குவார். இடுப்பிலோ கழுத்திலோ வலைப்பை தொங்கும். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் கைக்கு எட்டிய சிப்பிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு கயிற்றை இழுப்பார். மேலே கயிறு பிடிப்பவர் தூக்கிவிடுவார். இப்படி ஒரு நாளில் நாற்பது, ஐம்பது தடவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அள்ளிய சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு ஆங்கில அரசாங்கத்துக்குப் போயிற்று. எஞ்சிய ஒரு பங்குதான் உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவர்களுக்கும் படகுக்காரர்களுக்கும்.

இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. சுறாவின் வாயைக் கட்டுபவர் என்று நம்பப்பட்ட ஒருவர் சலாபத்தில் இருப்பார். அவருக்குக் 'கடல்கட்டி' என்று பெயர். அவர் மந்திரம் சொல்லிக் கடலைக் கட்டினால்தான் ஆட்கள் துணிந்து இறங்குவார்கள். அதனால் ஆங்கில அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தது. பாறைமீது நின்று பாடும் லைலாவை நினைத்துப் பாருங்கள். பெயரும் கோயிலும் தவறாக இருந்தாலும், கடலில் இறங்குபவனுக்காகக் கரையில் ஒருவர் வேண்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் உண்மைக்கு மிக அருகில் வந்துவிட்டது.

இனி அரங்கேற்றத்துக்கு வருவோம். செப்டம்பர் நடுவில் நடக்க வேண்டிய நாடகம், லைலாவாக நடிக்க இருந்த பாடகிக்கு உடல்நலம் இல்லாததால் தள்ளிப்போய், 1863ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அரங்கேறியது. பிசேக்கு இன்னும் 25 வயது நிறையவில்லை. கூடியிருந்த மக்கள் கை தட்டி அவரை மேடைக்கு அழைத்தார்கள். பத்திரிகைகளோ கடுமையாக எழுதின. இளைஞர் மேடைக்கு வந்து வணங்கியதைக்கூடச் சிலர் குறை சொன்னார்கள். புகழ்பெற்ற இசையமைப்பாளர் பெர்லியோஸ் ஒருவர்தான் இசையின் அழகையும் வேகத்தையும் மனம் திறந்து பாராட்டி எழுதினார். நாடகம் மொத்தம் 18 முறை நடந்தது. அத்தோடு சரி. பிசே உயிரோடு இருந்தவரை அதை யாரும் மறுபடி மேடையேற்றவில்லை.

1875ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் பிசேயின் 'கார்மென்' என்ற ஓப்பரா பாரிஸில் அரங்கேறியது. அதற்கும் முதலில் வரவேற்பு இல்லை. சரியாக மூன்று மாதம் கழித்து, ஜூன் 3ஆம் நாள், 36ஆம் வயதில் பிசே காலமானார். அதே ஆண்டு அக்டோபரில் வியன்னா நகரில் 'கார்மென்' பெருவெற்றி பெற்றது. இன்று உலகில் மிக அதிகமாக மேடையேறும் ஓப்பராக்களுள் அதுவும் ஒன்று. அந்தப் புகழில் ஒரு துளியைக்கூட அதை ஆக்கியவர் பார்க்கவில்லை.

'கார்மென்' எழுதியவரின் பழைய நாடகம் ஒன்று இருக்கிறதாமே என்று பிறகுதான் தேடினார்கள். 1886இல் மிலான் நகரின் லா ஸ்கலா அரங்கில் 'முத்துக் குளிப்போர்' இத்தாலிய மொழியில் நடந்தது. 1887இல் இலண்டனில் நடந்தது. 1893இல் பாரிஸில் பிரெஞ்சு மொழியிலேயே மறுபடி நடந்தது.

ஆனால் அந்த நாடகம் பிசே எழுதியபடி இல்லை. அவர் இறந்த பிறகு பதிப்பாளர்கள் தம் விருப்பம்போல் கை வைத்துவிட்டார்கள். சில பகுதிகளை வெட்டினார்கள். சிலவற்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். பிசேயின் நாடகத்தில் சூர்கா இறுதியில் தன்னந்தனியாக நிற்கிறான். பின்னால் வந்த பதிப்புகளில் அவனைச் சாகடித்துவிட்டார்கள். அதைத் தடுத்துக் கேட்க ஆக்கியவர் உயிரோடு இல்லை.

இந்த நாடகத்தின் உயிர் முதல் அங்கத்தில் வரும் ஒரு பாட்டில் இருக்கிறது. சூர்காவும் நாதீரும் கண்டியில் கண்ட அந்தப் பெண்ணை நினைத்து இருவருமாகப் பாடுவது அது. புல்லாங்குழலும் யாழ் போன்ற ஹார்ப் என்ற கருவியும் மெதுவாகத் தொடங்க, இரு ஆண் குரல்களும் ஒன்றை ஒன்று தழுவி மேலே போகும். லைலாவின் நினைவு வரும் போதெல்லாம் அதே மெட்டு நாடகத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும். இன்று உலகம் பாடும் வடிவத்தில் அந்த மெட்டு பாட்டின் முடிவிலும் ஒருமுறை வருகிறது. பிசே முதலில் எழுதிய முடிவு வேறு.

இங்கேதான் இசைத்தட்டின் கதை தொடங்குகிறது. 1902ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பெர்க், மிலான் நகரில் ஓர் ஓட்டல் அறையில் என்ரிக்கோ கருசோ என்ற இளம் பாடகரைப் பதிவு செய்தார். பத்துப் பாட்டுக்கு 100 பவுண்டு கூலி. இலண்டன் அலுவலகம் அது மிக அதிகம் என்றது. கைஸ்பெர்க் கேட்கவில்லை. அந்த இசைத்தட்டுகள் கருசோவையும் கம்பெனியையும் உலகப் புகழுக்கு உயர்த்தின. கருசோ நேப்பிள்ஸ் நகரத்துத் தொழிலாளி மகன். சிறு வயதில் தாமும் பட்டறை வேலை செய்தவர்.

அதே கைஸ்பெர்க் அந்த ஆண்டின் பிற்பகுதியில் கப்பலேறிக் கிழக்கே வந்தார். கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகியைப் பதிவு செய்தார். ஜப்பானுக்கும் சீனாவுக்கும் போனார். 1903இல் நம் சிங்கப்பூரிலும் ஒலிப்பதிவு செய்தார். மிலானில் கருசோ பாடியதைப் பிடித்த அதே கை, அடுத்து நம் பக்கத்துக் குரல்களையும் மெழுகில் பிடித்தது.

அந்நாளில் ஒலிவாங்கி கிடையாது. பாடகர் ஒரு பெரிய தகரக் குழலின் வாய்க்கு எதிரே நின்று பாடுவார். குரலின் அதிர்வு ஊசியை அசைக்கும். ஊசி சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கீறும். உச்சக் குரல் எடுக்கும்போது பாடகர் பின்னுக்கு நகர வேண்டும். இல்லாவிட்டால் பதிவு கெட்டுவிடும். மின்சார ஒலிப்பதிவு 1925இல்தான் வந்தது. ஒரு பெரிய தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய நான்கு நிமிடப் பாட்டுத்தான் அடங்கும்.

இந்த நான்கு நிமிடக் கணக்குத்தான் 'முத்துக் குளிப்போர்' நாடகத்துக்கு வாழ்வு கொடுத்தது. முழு நாடகத்தைத் தட்டில் அடக்குவது பெரும்பாடு. ஆனால் நண்பர் இருவர் பாடும் அந்தப் பாட்டை ஒரு பக்கத்தில் அடக்கிவிடலாம். 1907இல் கருசோவும் மாரியோ அங்கோனாவும் அதை இத்தாலிய மொழியில் பாடிப் பதிவு செய்தார்கள். நாதீர் தனியாகப் பாடும் மென்மையான பாட்டைக் கருசோ 1904இல் இத்தாலிய மொழியிலும் 1916இல் பிரெஞ்சு மொழியிலும் பாடினார். நாடகத்தை ஒரு நாளும் பாராத மக்கள், அதன் பெயரைக்கூட அறியாதவர்கள், இந்தப் பாட்டுகளை வீட்டில் கேட்டார்கள்.

1916ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில், கருசோவே நாதீராக நடிக்க, இந்த நாடகத்தோடு அந்தப் பருவம் தொடங்கியது. அவ்வளவு பெரிய பாடகர் இருந்தும் மூன்று முறைதான் நடந்தது. மேடை அதைக் கைவிட்டது. இசைத்தட்டு கைவிடவில்லை. 1950இல் சுவீடன் நாட்டு யூசி பியோர்லிங்கும் அமெரிக்கர் ராபர்ட் மெரிலும் சேர்ந்து பாடிய பதிவு அந்தப் பாட்டுக்கு ஓர் உரைகல் ஆயிற்று. பிபிசி வானொலியில் பல்லாண்டு நடந்த நேயர் விருப்ப நிகழ்ச்சி ஒன்றின் வாக்கெடுப்பில் இந்தப் பாட்டே முதலிடம் பெற்றது.

1948இல் நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு வந்த பிறகு முழு நாடகத்தையும் பதிவு செய்ய முடிந்தது. 1953இல் ஃபூர்னே என்ற நடத்துநரின் தலைமையிலும், 1954இல் குளூய்தான்ஸ் தலைமையிலும், 1960இல் நிக்கொலாய் கெட்டா நாதீராகப் பாட தெர்வோ தலைமையிலும் பதிவுகள் வந்தன. இவை எல்லாம் மாற்றப்பட்ட வடிவங்களே.

பிறகு ஆய்வாளர்கள் விழித்துக்கொண்டார்கள். 1863இலேயே பியானோவுக்குச் சுருக்கி அச்சிட்ட ஒரு பதிப்பு இருந்தது. அதை ஆதாரமாக வைத்து, 1973இல் வேல்ஸ் நாட்டு ஓப்பராக் குழு பழைய வடிவத்தை மேடையேற்றியது. 1977இல் பிரேத்ர் என்ற நடத்துநர் 1863ஆம் ஆண்டு வடிவத்தை இசைத்தட்டில் பதிவு செய்தார். பிசே இறந்து ஏறக்குறைய நூறாண்டு ஆன பிறகுதான் அவர் சொன்னபடி கதை முடிந்தது.

நியூயார்க் அரங்குக்கு இந்த நாடகம் திரும்பி வர 99 ஆண்டுகள் ஆயின. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் பென்னி வுல்காக் என்ற பெண் இயக்குநர் அதை அங்கே மேடையேற்றினார். திரை விலகியதும், கம்பியில் தொங்கும் ஆட்கள் ஆழ்கடலில் நீந்துவதுபோல் மேலிருந்து கீழே வந்தார்கள். குடியிருப்பு, இந்தக் காலத்து ஏழைக் கடற்கரைக் குடிசைகளாகக் காட்டப்பட்டது. முத்துக் குளிப்பவன் ஒரு கூலித் தொழிலாளி என்பது அப்போதாவது மேடையில் தெரிந்தது.

நேயர்களே, இந்த வரலாற்றில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. பாரிஸ் இளைஞர் ஒருவர் தாம் காணாத கடலைப் பற்றி எழுதிய பாட்டு இன்றும் உலகெங்கும் கேட்கிறது. ஆனால் மன்னார்க் கடலில் உண்மையில் மூழ்கி எழுந்தவர்கள் படகை வலிக்கும்போது என்ன பாடினார்கள்? கயிறு பிடித்தவர் கீழே இருக்கும் தோழனை நினைத்து என்ன முணுமுணுத்தார்? அந்தக் குரல்களைத் தேடிக் கைஸ்பெர்க் மன்னாருக்குப் போகவில்லை. சலாபங்களும் நின்றுபோயின.

நம் தோட்டத்துக் கதையும் இதற்கு வெகு தூரம் இல்லை. கப்பலேறி வந்த நம் முன்னோர் தாலாட்டும் ஒப்பாரியும் கொண்டுவந்தார்கள். பால்மரக் காட்டில் வேலைக் களைப்புத் தீரப் புதிது புதிதாகவும் கட்டிப் பாடினார்கள். அவற்றைப் பற்றி எழுத வெளியார் வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் நம்மைப் பற்றித் தாம் கண்ட கனவைத்தான் எழுதுவார்கள்.

ஆகவே, உங்கள் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டைக் கேளுங்கள். கையில் எந்த ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறதோ அதில் பதிவு செய்யுங்கள். யார் பாடியது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். முக்கியமாக, திருத்தாதீர்கள். சொல் கொச்சையாக இருக்கிறது, அடி குறைகிறது என்று நாம் செப்பனிடத் தொடங்கினால், பிசேயின் நாடகத்துக்கு நேர்ந்தது அதற்கும் நேரும். அவர்கள் பாடியபடியே இருக்கட்டும். நம் பேரப்பிள்ளைகள் அதைக் கேட்கும்போது, குரல் நடுங்கும் இடத்தில் நடுங்கட்டும், மூச்சு வாங்கும் இடத்தில் வாங்கட்டும்.